பதின்மூன்று கிராம் உப்பு

ஜூன் 3
ஆராய்ச்சிக்கு அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் ஆரம்பம். சிறுநீரகம் பலவீனமான இருநூறு பேர், மூன்று வருடம். பாதிப் பேருக்கு உப்பு குறைத்த சாப்பாடு எங்கள் மருத்துவமனைச் சமையலறையிலிருந்தே வீட்டுக்குப் போகும். மீதிப் பேர் வழக்கம்போல் சாப்பிடுவார்கள். சிறுநீரகம் கெடுவது சாப்பாட்டால் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பார்க்கப் போகிறார்கள்.

மெனு, டயட்டீஷியனாகிய நான் எழுதியது. சிறுநீரகம் பலவீனமான என் கணவருக்கு ஏழு வருடமாக வீட்டில் செய்துபோட்டு, அவர் முகம் சுளித்ததையெல்லாம் கழித்து, மிச்சம் நின்றதுதான் அது. கூட்டத்தில் பெரிய டாக்டரம்மா "நம்ம மெனு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

ஜூன் 5
இவரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "சேரலாம். ஆனா அவர் ஃபைலை நீங்க தொடக்கூடாது" என்றார் டாக்டரம்மா. தொடவில்லை, தாயே.

எதற்காகச் சேர்க்கிறேன்? இங்கேயாவது உண்மையைச் சொல்கிறேன் — களைத்துவிட்டேன். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் இவர் ரத்தத்தில் வருடா வருடம் ஏறுகிறது. ஒரு நாளைக்கு மூன்று கிராமுக்கு மேல் உப்பு போட்டதில்லை. தராசில் நிறுத்துப் போடுகிறேன். இவருக்குத் துணையாக நானும் அதையேதான் தின்கிறேன். அப்படியும் ஏறினால் என் கையில்தான் ஏதோ கோளாறு. வேறு யாராவது சமைத்தாவது நிற்கட்டும்.

ஜூன் 10
விதிமுறையை இன்றுதான் கடைசிவரை படித்தேன். ஒரு நாளைக்கு ஆறு கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிடுகிறவர்களைச் சேர்க்க மாட்டார்கள். ஏற்கெனவே குறைத்தவனிடம் குறைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? நியாயம்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததற்கு ஏழு வருடம் கழித்துக் கிடைத்த பரிசு.

இவரிடம் சொன்னேன். "போனா போகுது விடு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கும் பரிசோதனைக்குப் போய்வரட்டும்.

ஜூன் 16
ஐந்து லிட்டர் கேன் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் போகிற சிறுநீரை அதில் பிடித்துக் கொடுக்க வேண்டும். இவர் அதைத் துணிப்பையில் போட்டு, வேலை பார்க்கும் அச்சகத்துக்கே எடுத்துப்போனார். பக்கத்து மெஷினில் நிற்கும் 'குண்டு' என்கிற ஆள், "என்னண்ணே, பெட்ரோலா?" என்று கேட்டானாம். ஒரு சொட்டுக்கூட விடவில்லையாம். பெருமை வேறு.

ஜூன் 17
தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24
முடிவு வந்த கவரைத் தொடாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். இவர் பிரித்தார், புரியாமல் என்னிடமே நீட்டினார். "படி, என்ன போட்டிருக்கு?"

நாள் ஒன்றுக்கு உப்பு: பதின்மூன்று கிராம்.

கேன் மாறிவிட்டதோ? பெயர், வயது, தேதி எல்லாம் சரியாகவே இருந்தன.

"சேர்த்துக்கிட்டாங்களா?"

"சேர்த்துக்கிட்டாங்க. வெளிய எங்க சாப்பிடறீங்க?"

"என்னது?"

"என் சமையல்ல மூணு கிராம்தான். மிச்சம் பத்து எங்கேர்ந்து வந்துச்சு?"

முகம் வெளுத்துவிட்டது. "அந்த டெஸ்ட் சர்க்கரைக்குத்தானே? மூத்திரத்துல உப்புகூடவா தெரியும்?"

முதலில் வாயில் வந்தது அதுதான். தெரிந்திருந்தால் அந்த ஒரு நாள் மட்டும் ஒழுங்காக இருந்திருப்பார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அச்சகத்துக்கு எதிரே பேக்கரி. காலையில் முட்டை பஃப்ஸ், மாலையில் சிப்ஸ். மதியம் என் டப்பா குண்டுவுக்கு, குண்டு கடையில் வாங்கிவருவது இவருக்கு. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆரம்பத்துலேர்ந்தே" என்றார். குண்டுவுக்கு ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பதாம். இருக்காதா பின்னே? ஏழு வருடமாக ஒருவன் என் சாப்பாட்டைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறான். அவன் என் புருஷன் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 25
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் உப்பே இடவில்லை. அதனால்தான் நினைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

மூணு தராசு மாத்தினேனே! என் கையை நானே நம்பாம, கிள்ளிக் கிள்ளிப் போட்டேனே. பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானாவது வாய்க்கு ருசியா தின்னிருப்பேன்ல?

ஜூலை 2
யார் எந்தக் குழு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. இவருக்கு, வழக்கம்போல் சாப்பிடும் குழு. பேக்கரிக்கு மருத்துவமனையே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். காய் நறுக்குகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 4
இவரைப் பரிசோதித்த டாக்டர் ஏழு வருடக் கிரியாட்டினினையும் கோடாக வரைந்து காட்டியிருக்கிறார். கோடு போகிற போக்கைப் பார்த்து இவர் பயந்துவிட்டார். இன்று காலையில் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே இதை மட்டும்தான் சாப்பிடுவேன். சத்தியமா."

"நீங்க வழக்கத்தை மாத்தக்கூடாது. ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்" என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. அது படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க வேண்டும். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன். கல்நெஞ்சுக்காரியா நான்? இருக்கட்டும்.

ஜூலை 9
"ஆரம்பிக்கறதுக்குள்ளயே ஒருத்தர் கழண்டுக்கிட்டார். உங்க வீட்டுக்காரர்தான்" என்று டாக்டரம்மா சலித்துக்கொண்டார். காரணம் கேட்ட இடத்தில், "வீட்டில் சாப்பிடப் போகிறேன்" என்று எழுதியிருந்தாராம். கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கிறார்.

சாயங்காலம் இரண்டு பாத்திரங்களில் சமைத்தேன். அவருடையதில் நிறுத்துப் போட்டேன். என்னுடையதில் கையால் அள்ளிப் போட்டேன். பழக்கம் விட்டுப்போய்விட்டது, வாயில் வைக்க முடியாமல் கரித்தது. அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவர் தன் தட்டைக் காலி செய்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வேணுமா?" என்றார்.

வேண்டும் என்றேன். எழுந்துபோய் எடுத்துவந்தார்.