இடது பின்கதவின் நீலம்

பெயிண்டர் கொட்டகை
செவ்வாய், காலை பத்தரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் பேசினால் உன் அம்மா அடுத்த அறையிலிருந்தே திருத்திக்கொண்டிருக்கிறாள். எழுதும்போது குறுக்கே பேச ஆள் இல்லை.

விற்பதற்காக உன் காரின் நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பு என்று நீ சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முன்பக்கம், பின்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று அனுப்பினேன். இடப்பக்கம் எங்கே என்று நாலு முறை கேட்டுவிட்டாய். ஒரு முறை வெளிச்சம் போதவில்லை என்றேன். ஒரு முறை போனில் இடமில்லை என்றேன். வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார் என்று நேற்று சொன்னாய். இனிமேல் இழுக்க முடியாது.

இடது பின்கதவில் ஒரு கீறல். கைப்பிடிக்குக் கீழே தொடங்கிச் சக்கரத்து வளைவு வரை, ஒன்றரை முழ நீளம். வெளியே நிறுத்தியிருந்தபோது யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். இந்தக் காலத்தில் யார் நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்?

கீறல் பெரிய விஷயமில்லை. நிறம்தான் என் உயிரை எடுக்கிறது. ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். இன்றோடு மூன்றாவது முறை இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் மில் ஸ்டோரில் இருந்தவன் நான். அந்த வேலையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டியலைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். நம்பரைச் சொன்னால் சாமான் வரவேண்டும், வந்த சாமான் பொருந்தவேண்டும். பானெட்டைத் திறந்தால் உள்ளே சின்னத் தகட்டில் நிறத்தின் நம்பர் அடித்திருக்கிறது. கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்து, எழுதிக்கொண்டு போனேன். பெயிண்ட் கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். தராசில் டப்பாவை வைத்து, நீலம், கறுப்பு, கொஞ்சம் வெள்ளை, ஏதோ ஒரு ஊதா என்று சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக் கொடுத்தார். பெயிண்டர் அடித்தார். காய்ந்தபின் பார்த்தால் காரில் ஒரு நீலம், கதவில் ஒரு நீலம். உன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “வேற யாரோட கார்ல இருந்தோ கழட்டி மாட்டின மாதிரி இருக்குங்க” என்றாள்.

நான் சும்மா விடவில்லை. கார் கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். ஆழ்கடல் நீலம், எங்களுக்கே உரிய நீலம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறீர்கள், உங்களுக்கே உரியது மொத்தம் எத்தனை நீலம் என்று தெரிவிக்கவும் என்று கேட்டேன். மூன்று வரியில் பதில் வந்தது. அந்த ஒரே நம்பரில் மூன்று சாயல்கள் உண்டாம். எந்த மாதம் தயாரானது என்பதைப் பொறுத்து மாறுமாம். ஒரு நம்பருக்கு மூன்று சாமான் வைத்திருந்தால் மில்லில் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர்கள் வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இரண்டாவது முறை மூன்று சாயலையும் வாங்கி வந்து, மூன்று தகட்டில் அடித்துக் காயவைத்து, கதவோடு ஒட்டிப் பார்த்தோம். நடுவில் இருந்தது அப்படியே பொருந்தியது. எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுத்தது. அடித்து முடித்து, கொட்டகையிலிருந்து காரை வெளியே தள்ளினோம். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாக இருந்த நீலம் வெயிலுக்கு வந்ததும் கத்தரிக்காய் ஆகிவிட்டது. பெயிண்டரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

மனிதர் கெட்டவரில்லை. ஆனால் வாய் நீளம். நம்பர் சரி, நீங்கள் அடித்ததுதான் தப்பு என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, “ஐயா, அந்த நம்பர் கார் ஷோரூம்ல இருந்தப்ப இருந்த கலர். ஏழு வருஷமா வெயில்ல நிக்குது. நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு இப்ப உங்களைத் தேடினா, கிடைப்பீங்களா?” என்றார்.

கிடைப்பேன் என்றேன்.

“அது சரி” என்று சொல்லிவிட்டு தேய்க்கிற எமரித் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் முதல் நாளிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பின்கதவோடு நிறுத்தக்கூடாதாம். நிறத்தை முன்கதவிலும் பின்னால் சக்கரத்துப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கிக்கொண்டே போய்ப் பழைய நிறத்தோடு கலந்துவிட வேண்டுமாம். “கலரை ஒட்ட வைக்க முடியாதுங்கய்யா, கரைச்சு விடத்தான் முடியும். எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதான் வேலை” என்றார். நான் சம்மதிக்கவில்லை. அடிபட்டது ஒரு கதவு. நன்றாக இருக்கிற முன்கதவை எதற்குத் தொட வேண்டும்? ஒன்றை மறைக்க இரண்டைக் கெடுப்பதா?

இன்று சம்மதித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது. அலுத்தும் விட்டது. கண்ணாடிகளுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டியாகிவிட்டது. தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்திருக்கிறார். என்னைத் தார்ப்பாய்க்கு வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். தின்னர் நாற்றம் இங்கேயும் வருகிறது.

வீட்டில் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வாஷரை நானே மாற்றினேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு இன்று விடுமுறை. அவள் வந்து அம்மாவோடு இருக்கிறாள். அம்மா நன்றாக இருக்கிறாள்.

மதியம் ஒன்றே முக்கால்

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழிக்கப்போவதில்லை. எழுதினவனும் நான்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நிறம் அடித்து, அதன்மேல் பளபளப்புக்கு ஒன்று அடித்து, காய்ந்து, செய்தித்தாளையெல்லாம் பிய்த்தாகிவிட்டது. காரை வெயிலுக்குத் தள்ளினோம். பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் முன்னால் நின்று பார்த்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. விரலை வைத்துக் காட்டச் சொன்னால் தப்பான இடத்தில் வைத்திருப்பேன். “என்னய்யா, இன்னும் திருப்தி இல்லையா?” என்று கேட்டார். ஜெயித்துவிட்டீர்கள் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மூன்று வாரமாக இதற்குத்தான் அலைந்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனி யார் பார்த்தாலும் எதுவும் நடக்காதது போலத்தான் இருக்கும். நடந்தது, மகளே.

யாரும் உரசவில்லை. நான்தான் உரசினேன், நம் வீட்டுக் கேட் தூணில். கார் ஓட்டினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் கடைச் சுவரில் இடித்தபோது, இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். அதுவும் போதாமல் சாவியை அம்மாவிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னாய். அறுபத்தெட்டு வயது மனிதனிடம் சின்னப் பிள்ளையிடம் தீப்பெட்டியை ஒளிப்பது போல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் இரண்டு வருஷம் நான் கேட்கவில்லை, தேடவும் இல்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, அம்மா தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தாள். அது விழுந்தது. இடது கையில் பிடி இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன், ஏதோ சொன்னாள், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். வாடகைக் கார் ஒன்று வருகிறேன் என்று வராமல் போயிற்று. மாடியில் யாரும் இல்லை. நான் போனை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தபோது அவள் வலது கையை நீட்டி அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவைக் காட்டினாள். சர்க்கரை கேட்கிறாள் என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே உன் கார் சாவி.

கேட்டில் உரசியபோது சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். எனவே உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அந்தக் காலை மறுபடி வந்தால் மறுபடியும் ஓட்டுவேன், மறுபடியும் அந்தத் தூணில் உரசுவேன்.

பேச்சு நாலாம் நாளே திரும்பிவிட்டது. திரும்பியதும் அவள் சொன்ன முதல் காரியம், உனக்குத் தெரியக்கூடாது என்பதுதான். “அவ இப்பத்தான் அங்க காலூன்றியிருக்கா. வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. சொன்னீங்கன்னா மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பா. எம்மேல சத்தியம் பண்ணுங்க” என்றாள். கண்ணில் தண்ணீரோடு கேட்டாள். நானும் பண்ணிவிட்டேன். நம் வீட்டில் எல்லாருக்கும் என்னிடம் வாக்கு வாங்குவதே வேலை.

வீடியோவில் நீ பார்ப்பது வலது பக்கத்து அம்மாவை. சோபா ஓரத்தில் இடது கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு உட்காருவாள். போனை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். போன வாரம் நீ புதுத் திரைச்சீலையைக் காட்டச் சொன்னபோது லைன் போய்விட்டதே, அது போகவில்லை. நான்தான் துண்டித்தேன்.

இதோடு நின்றிருந்தால் நான் சத்தியத்தைக் காப்பாற்றியிருப்பேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. ஆனால் விஷயம் வேறு. கைக்குப் பயிற்சி கொடுத்தால் பிடி திரும்பும், முதல் மூன்று மாதம்தான் முக்கியம், தினமும் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். அவள் ஒரே ஒரு நாள் போனாள். அங்கே சீட்டு எழுதும் மேஜையில் உன்னோடு பள்ளியில் படித்த பெண், அந்தச் சுருட்டைமுடிக்காரி, உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வாசலிலேயே அவளைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இவ அவகிட்ட சொல்லிடுவா” என்று திரும்பிவிட்டாள். அதற்குப்பின் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். வேறு நிலையம் இந்தப் பக்கத்தில் கிடையாது. புத்தகம் வாங்கிப் படித்து நானே ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொல்கிறேன். நாலு முறை அழுத்துவாள். பிறகு, “ஸ்டோர்ல நட்டு போல்ட்டு எண்ணினவர் எனக்கு டாக்டரா?” என்பாள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்?

ஏழு வாரம் போய்விட்டது. இன்னும் ஐந்துதான் இருக்கிறது. உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அவள் ஒரு கையை விட்டுக்கொடுக்கிறாள். நானும் கூட நின்று அதற்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்று அந்தக் கதவு அவ்வளவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்ததும் மறுபடி இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தேன்.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள், நானும் உன்னை மன்னிக்கமாட்டேன். ஒரு வாரம் விடுப்புப் போடு. வந்து, அவளை அந்த நிலையத்துக்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. உனக்குத் தெரிந்துவிட்டது என்றான பிறகு அவளுக்கு ஒளிவதற்குக் காரணம் கிடையாது. மீதியை நான் பார்த்துக்கொள்வேன். தினமும் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு. எதில் கூட்டிப்போவேன் என்று யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவரை வரவேண்டாம் என்று சொல்வதா என்று நீயே முடிவு செய். விற்பதாக இருந்தால் இடப்பக்கம் பெயிண்ட் அடித்தது என்று அவரிடம் சொல்லிவிடு. தெரியாமல் தள்ளிவிட வேண்டாம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் துண்டு துண்டாக வருகிறது. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க எழுந்திருப்பது பழக்கமாகிவிட்டது.

நீ செய்கிற காரியம் எதுவும் கோணாமல் நடக்க வேண்டும், நீ எந்த ஊரில் இருந்தாலும் உனக்குக் கதவு திறக்க ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

வரும் நாளை முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் அவள் விடிந்ததிலிருந்து தயாராகி, நீ திரும்பிப் போகும்வரை நடித்துவிடுவாள். காலை எட்டரைக்கு வா. பெல் அடிக்காதே, கதவைச் சாத்தி மட்டும் வைத்திருப்பேன். அந்த நேரத்தில் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பேன். அதுவும் நானாகக் கற்றுக்கொண்டதுதான். முதல் வாரம் கயிறு திரித்தது போல இருந்தது, இப்போது ஏதோ வருகிறது. நீ பார்த்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள். சிரித்து முடித்ததும் என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொள்.

உன்
அப்பா