சுவர்தான் கோணலாம்

மதிப்பிற்குரிய தச்சரே,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நீங்கள் சுவரில் அடித்த பலகையில் வைத்திருந்தால் தரையில் இருந்திருக்கும். இன்று காலையும் அதிலிருந்து பைபிள் வழுக்கி விழுந்தது. "பலகை நேராத்தான் இருக்கு, சுவர்தான் கோணல்" என்கிறீர்கள். இயேசுவும் தச்சர்தான். அவர் சுவரைக் குறை சொன்னதாக நான் படித்ததில்லை.

சாயங்காலம் நம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் மனத்தாழ்மை பற்றி நீங்கள்தான் பேசுகிறீர்களாம். பலகைக்குக் கீழே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் மனைவி

பி.கு.: பைபிளை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். மட்டம் பார்க்க நீங்கள் வீடெல்லாம் தேடிய ரசமட்டம் என் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிறது. மெஷின் ஆடுகிறதென்று நான்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன். "உங்க சாமானை யார் தொட்டா?" என்று கத்தியதும் நான்தான். தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

பாருங்கள், சொன்னதால் என் பல் ஒன்றும் கொட்டவில்லை. நீங்கள் என்னிடம்கூடக் கேட்க வேண்டாம். அந்தச் சுவரிடம் ஒரு மன்னிப்பு கேட்டுவிடுங்கள்.