டேப்பெட் சத்தமும் அக்காவின் குரலும்

4 மார்ச்

அன்புள்ள மைத்துனருக்கு,

இறையருள் உங்கள் இல்லத்தில் நிறைக. ஏழாண்டுகள் கழித்து எழுதுகிறேன். தொடங்கத் தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் அக்கா பக்கவாதத்தில் விழுந்து, ஐந்து மாதங்களில் மெல்ல எழுந்திருக்கிறாள். நடக்கிறாள், பேச்சு மட்டும் திரும்பவில்லை. வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்குக் காரில் அழைத்துச் செல்கிறேன். அங்கே வாய் திறவாதவள், வண்டி ஓடும்போது சாலையைப் பார்த்தபடி ஏதோ சொல்கிறாள். எஞ்சினின் டக்டக் ஓசையில் ஒரு சொல்லும் என் செவிக்கு எட்டவில்லை. வண்டியை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுகிறாள். இங்குள்ள மெக்கானிக், எஞ்சினை இறக்க ஒரு மாதம் கேட்கிறார். வழி சொன்னால் நானே செய்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
அத்தான்

11 மார்ச்

அத்தானுக்கு,

அக்காவுக்கு இப்படி ஆனது உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட இது நேரமில்லை.

அது டேப்பெட் சத்தம், வால்வை அழுத்தும் பாகத்தில் இடைவெளி கூடினால் வருவது. எஞ்சினை இறக்க வேண்டாம். வண்டி நன்றாக ஆறியிருக்கும் காலையில் மேல்மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், வால்வின் தலைக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடு விட்டு அளந்து, திருகைச் சரிசெய்ய வேண்டும். அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். என் அளவுத் தகடுகளையும் அனுப்புகிறேன். துருப்பிடிக்க விடாதீர்கள்.

அக்காவின் தம்பி

19 மார்ச்

அன்புள்ள மைத்துனருக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். டக்டக் போய், மெல்லிய டிக்டிக் மிஞ்சியது. எதிலும் ஒரு குறை இருந்தால் எனக்கு உறக்கம் வராது. அதையும் ஒழிக்க எண்ணித் திருகுகள் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். இப்போது வண்டி கிளம்பவே மறுக்கிறது. உங்கள் அக்கா பெல்ட் மாட்டிக்கொண்டு முன்னிருக்கையில் அரைமணி காத்திருந்தாள்.

இன்னொரு பிழையும் உண்டு. ஏழாண்டுகளுக்கு முன் என் சொற்பொழிவில் நீங்கள் முன்வரிசையில் குறட்டைவிட்டபோது, ஒலிபெருக்கியிலேயே “எழுந்து வெளிய போங்க” என்றேன். அந்த ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டரை இரண்டு நாள் கண்மூடாமல் பழுதுபார்த்தவர் நீங்கள் என்று அவள் பிறகு சொன்னாள். அறிந்தும் வாளாவிருந்தேன். பொறுத்தருள்க.

அத்தான்

24 மார்ச்

அத்தான்,

படித்துவிட்டுச் சிரித்தேன். உங்க பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. அதான் அப்படி ஒரு தூக்கம்!

இடைவெளியே இல்லையென்றால் வால்வு முழுதாய் மூடாது. எஞ்சினில் அழுத்தம் தங்காது. டிக்டிக் இருக்கட்டும், அது நோய் இல்லை. மூடிய புத்தகத்திலிருந்து தாளை உருவுவதுபோலத் தகடு லேசாகப் பிடித்து வர வேண்டும். திருகைப் பூட்டும் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றும். அதை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரில் வந்து பார்க்க ஆசைதான். ஆனால் இந்த ஏழு வருடத்தில் அக்காவும் ஒரு வரி எழுதவில்லை. அவளுக்கு விருப்பமில்லாமல் வந்து நிற்க மனம் வரவில்லை.

தம்பி

2 ஏப்ரல்

என் அன்பிற்குரிய தம்பி,

வண்டி உயிர்பெற்றது. உங்கள் கைகளை ஆண்டவன் காக்கட்டும். இன்றைய வழிபாட்டில் எனக்கென்று எதையும் கேட்கவில்லை.

நேற்று பயிற்சிக்குக் கிளம்பினோம். நாற்சந்தியில் வலப்புறம் திரும்பும் நேரம், அவள் என் முழங்கையைத் தொட்டாள். சொற்கள் தேய்ந்திருந்தாலும் தெளிவாகவே கேட்டன: “நேரா போங்க... தம்பி வீட்டுக்கு.”

இத்தனை நாளும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நானோ ஒவ்வொரு முறையும் திரும்பிவிட்டிருக்கிறேன். ஓரமாக நிறுத்தி, அழுது தீர்த்தேன். அவள் எழுதாததற்குக் காரணமும் நானே. எழுதக் கூடாது என்று அன்று நான் சொன்ன சொல்லை அவள் மீறவில்லை.

ஞாயிறன்று நாற்சந்தியில் நேராகவே வருகிறோம். நான்கு மணி நேரப் பயணம், பதினொன்றுக்கு வந்துவிடுவோம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாசலுக்கு வர இனி வழியில்லை. சற்று முன்னதாகவே வந்து நில்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் அத்தான்