ஒரு நாளும் லீவு போடாத என் அண்ணனுக்கு

என் எட்டி அண்ணா,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து இதைக் கேள். உயிரோடு இருந்தவரை உன்னை உட்காரவைத்துப் பேச முடிந்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கண் செல்போனில், ஒரு கால் வாசலில். கம்பெனி பஸ் பழவேற்காடு பஜாருக்கு வருவதற்கு முன்பே நீ அங்கே போய் நின்றிருப்பாய்.

இப்போது அந்த பஸ்ஸில் நான் போகிறேன். காரியம் முடிந்த கையோடு உன்னை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் நம் வீட்டுக்கு வந்தார். "பி.காம் படிச்ச பொண்ணு சும்மாதானே கீது, கேட் ஆபீஸ்ல வந்து உக்காரட்டும்" என்றார். அம்மா வேண்டாம் என்றாள். நான்தான் சரி என்றேன். எதை நம்பி நீ அங்கே அப்படி ஓடினாய் என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது.

பார்த்துவிட்டேன், அண்ணா.

நம் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து படகை விட்டுவிட்டுக் கன்டெய்னர் யார்டுக்குப் போன முதல் ஆட்களில் நீ ஒருவன். பெட்டிகளின் நம்பரைச் சரிபார்க்கும் வேலை. நாள் முழுக்க வெயிலில், சூடேறிய இரும்புக்கு நடுவில் நடை. சேர்ந்த கொஞ்ச நாளில் கம்பெனி ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. அன்று நீ வீட்டுக்குள் நுழைந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

"ராணி, கோட்டு போட்ட ஒரு சார் வந்து பேசுனாரு. என் பேரைக் கேட்டாரு. எட்டியப்பன்னேன். 'பேர்லயே எட்டிப் புடினு இருக்குது பாருங்க'ன்னாரு. எல்லாரும் கை தட்னாங்க."

"அப்புறம் இன்னா சொன்னாரு?"

"நம்ம வாழ்க்கைல எது நடந்தாலும் நாமதான் பொறுப்பாம். முன்னேறலன்னா அடுத்தவனைக் கை காட்டக் கூடாது, கண்ணாடியைப் பாக்கணும்னாரு."

வலை பிரித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்காமலே சொன்னார்: "காத்து மாறிச்சுன்னா எவன் வலைலயும் ஒண்ணும் வுழாது. அதுக்கு எந்தக் கண்ணாடியைப் பாக்கறது?"

"இந்த மாதிரி சாக்கு சொல்லிச் சொல்லித்தான் நைனா நாம இப்டியே கீறோம்" என்றாய்.

நைனா அதற்குப் பிறகு உன் வேலையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நீ அதைக் கவனித்தாயா?

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடியே நடந்தாய். இங்கிலீஷ் படித்தாய். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் பொன்னேரிக்கு அலைந்தாய். ஆள் வராத ஷிஃப்டுக்கெல்லாம் நீயே கை தூக்கினாய். சிறந்த தொழிலாளி என்று கம்பெனி உன் படத்தைப் பெரிதாகப் போட்டு கேன்டீன் சுவரில் மாட்டியது. அம்மா அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு நண்டு விற்கப் போன இடமெல்லாம் காட்டினாள்.

ஆனால் சூப்பர்வைசர் வேலை காலியான ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். வந்தவரை யார்டு முழுக்கக் கூட்டிப்போய் வேலை சொல்லிக்கொடுத்தது நீ. காண்ட்ராக்ட் ஆளை அந்தக் கம்பெனி நிரந்தரமாக எடுப்பதே கிடையாது என்று, நான் சேர்ந்த முதல் வாரமே கேன்டீனில் சொல்லிவிட்டார்கள். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. உனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? இல்லை, தெரிந்தும் நம்ப மறுத்தாயா? "எங்கிட்டதான் இன்னமோ கொறை கீது ராணி, அதைக் கண்டுபுடிக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் இன்னும் சீக்கிரமாகக் கிளம்புவாய். குறை அவர்களிடம் இருக்கலாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொன்னதில்லை.

உன் கண் மஞ்சளானபோது அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டினாய். "இன்னிக்கு ஒரு நாள் படுடா" என்று வாசலை மறித்து நின்றவளை, "லீவு போட்டா பேரு கெட்டுடும்மா" என்று நகர்த்திவிட்டுப் போனாய். அன்று மத்தியானம் யார்டில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் ஒருமுறை கண் விழித்தாய். என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "என் ஷிஃப்டுக்கு யாரை வுட்டாங்க?" பிறகு நீ எதுவும் பேசவில்லை.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். பொய். நிறைய இருக்கிறது.

போன மாதம் அதே கோட்டுக்காரர் வந்தார். கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். சுவரில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அவர் உன் பக்கம் கை நீட்டினார்.

"இவர் இன்னைக்கு நம்மகூட இல்லை. உடம்பு முடியாதப்பவும் ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷன். தன் வெற்றிக்குத் தானே பொறுப்பு ஏத்துக்கிட்டவர். எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள், அண்ணா. நான் எழுந்து நின்றேன்.

"சார், அவரு எங்க அண்ணன். அவரு இன்னா சார் வெற்றி பாத்தாரு? சாவுறப்பவும் காண்ட்ராக்ட்தான்."

அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு சமாளித்துக்கொண்டு, "உங்க வலி புரியுதும்மா. ஆனா எதையும் நெகட்டிவா பாக்கக் கூடாது" என்றார்.

"எங்க அண்ணன் எல்லாத்தையும் பாசிட்டிவாத்தான் சார் பாத்தாரு."

எச்.ஆர். மேடம் என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அப்போது பின்வரிசையிலிருந்து காதர் பாய் எழுந்தார். உன் ஷிஃப்டில் லாரி ஓட்டினாரே, பழவேற்காட்டுக்காரர், அவர்தான்.

"நான்தான் சார் எட்டியைத் தூக்கி வண்டில போட்டேன். அன்னிக்குக் காலைலயே வாந்தி எடுத்தான். வூட்டுக்கு அனுப்புங்கனு சூப்பர்வைசராண்ட சொன்னேன். 'அவனே போறேன்னு கேக்கல, உனக்கு இன்னா பாய்?'ன்னாரு."

அது எனக்கு அதுவரை தெரியாது. எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர்களுக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று, பார்த்தாயா? உன் உயிரையும் உன் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். உன் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். உடம்பு முடியாத அன்று காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்றேன். படம் அன்றைக்கே இறங்கிவிட்டது. லீவுக்கு, "மேல பேசறேன்" என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

படத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மா மாட்டச் சொன்னாள். நைனா என் கையிலிருந்து வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "இந்தக் கம்பெனி சட்டையோட என் புள்ள இந்த வூட்ல வாணாம்" என்று சொல்லிவிட்டு அதைப் பரணில் போட்டார். கோயில் திருவிழாவில் லுங்கியோடு நீ கத்திக்கொண்டு ஆடிய படம்தான் இப்போது சுவரில் இருக்கிறது. பொட்டும் அதற்குத்தான்.

சூப்பர்வைசர் வேலை மறுபடி காலியாகியிருக்கிறது. எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். காதர் பாய் சிரித்தார். "குடுக்க மாட்டானுங்கம்மா."

"தெரியும் பாய். குடுக்கலன்னா ஏன்னு கேப்பேன். அவங்க வாயால சொல்லட்டும்."

கேன்டீனில் உன் படம் இருந்த ஆணியில் வேறொருவன் படம் வந்துவிட்டது. திருப்பாலைவனத்துக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த வாரம் முழுக்க இரண்டு ஷிஃப்டு பார்க்கிறான். நேற்று பஸ்ஸில் நின்றபடியே தூங்கினான்.

அண்ணா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் வேலையை ஒழுங்காகச் செய்வது என் பொறுப்பு. அதில் குறை வைக்கமாட்டேன். அவர்கள் சாத்திவைத்த கதவை என் தப்பு என்று மட்டும் ஒரு நாளும் சொல்லமாட்டேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் திருப்பாலைவனத்துக்காரன் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன். அவனுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். போகட்டும். நீ எப்படிச் செத்தாய் என்று அவனுக்கு முழுசாகச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தேசராணி