கப்பல் பெண்களும் ஒரு பவுணும்

14 ஒக்டோபர் 1996, திங்கள்
சிரோக்கோ, பாலைவனத்துச் சூட்டுக் காற்று. பல்கனி முழுக்க மண். நான் வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டு ஜன்னல்களை இரண்டு தரம் துடைத்தும் பயனில்லை.

தீபாவளிக்கு நான் எழுதுகிற நாடகம், இரண்டு காட்சி முடிந்தது. கதை மாலினியின் வீட்டுக் கதை. அதே கட்டிடத்தில் வேலை செய்கிற மொரிசியஸ்காரி, தமிழ் அரைகுறை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் சில பெண்கள் மேல் களவுப் பழி போட்டு, நாடு கடத்தி, மொரிசியசுக்குக் கப்பலேற்றினார்களாம். இறங்கின துறைமுகத்திலேயே ஆளுக்கொரு மாப்பிள்ளையைக் கட்டிவைத்தார்களாம். அதில் ஒருத்தி இவளுடைய வம்சம். மிச்சம் என் கற்பனை.

வாங்க: கற்பூரம், தேங்காய், சவர்க்காரம்.

15, செவ்வாய்
பொன்னுருக்கு வெள்ளிக்கிழமையாம். இவர் முடிவு கட்டிவிட்டார். என் தங்கை சுகி இன்னும் கொழும்பு லொட்ஜில், இங்கே வரக் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை ரவி, இவரோடு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. குடி இல்லை, நல்ல பிள்ளை. சாதகம் பொருத்தம். ஊரில் என்றால் கலியாணத்துக்குச் சில நாள் முன்தான் தாலிக்குப் பொன் உருக்குவது.

"அவள் வரமுதலே உருக்கினா ஒருத்தரும் பின்வாங்கேலாது," என்கிறார்.

இங்கே ஆசாரிக்கு எங்கே போவது? வுச்சீரியாச் சந்தையில் நகை செய்கிற கிழவர் சம்மதம். குத்துவிளக்கும் கொண்டுவரலாமாம். உருக்க ரவி கொடுத்த தங்கப் பவுண் என்னிடம்.

16, புதன்
மழை. மூன்றாம் காட்சி நகரவில்லை. கப்பலால் இறங்குகிறவள் என்ன சொல்லியிருப்பாள்? மாடிப்படியில் மாலினியிடம் கேட்டேன். அவளை யாராவது ஏதாவது கேட்டால்தானே பதில் சொல்ல, என்றாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்தேன். சுகியையும் ஒருவரும் கேட்கவில்லை.

17, வியாழன்
வேலை முடிய வியா மக்வேதா தெருப் போன் கடையிலிருந்து கொழும்புக்குப் போன். லொட்ஜ்காரர் கூப்பிட்டுவிட்டார்.

"சுகி, ரவியைக் கட்ட உனக்கு விருப்பமோ?"

"இப்பதான் கேக்கிறியள், அக்கா."

"சொல்லு."

"நான் வாறன். வீட்டுவேலை, வயசானவையைப் பாக்கிற வேலை, எது எண்டாலும் செய்யிறன். கலியாணத்துக்கு மட்டும் வரேல்லை."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. லொட்ஜில் அடிக்கடி பொலிஸ் சோதனை. இந்தக் கலியாணத்தை விட்டால் அவளை வெளியே எடுக்க எனக்கு வேறு வழி தெரியாது. இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

18, வெள்ளி
வெயில். பட்டறையில் விளக்கேற்றி, தேங்காய் உடைத்தாயிற்று. கிழவர் நெருப்பைப் பற்றவைத்துக் கையை நீட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பையை நான் திறக்கவில்லை.

"உருக்க வேண்டாம். சுகிக்கு விருப்பமில்லை. நேற்றுக் கேட்டனான்."

"உன்னை ஆர் கேக்கச் சொன்னது?" இவர் முகம் கறுத்துவிட்டது.

ரவி புது வேட்டியோடு நிலத்தைப் பார்த்தபடி நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை, அக்கா," என்றான்.

பவுணை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "வச்சிருங்கோ. அவ வாற செலவுக்கு உதவும்."

கிழவர் நெருப்பை அணைத்தார். தேங்காயில் பாதியை அவருக்கே கொடுத்தோம்.

பின்னேரம். இவர் கோபத்தோடு வேலைக்குப் போய்விட்டார். சோறு வடித்துவிட்டு மூன்றாம் காட்சி எழுத உட்கார்ந்தேன். துறைமுகம். அவள் இறங்குகிறாள். ஒருவன் வந்து, உனக்கு விருப்பமா என்று கேட்கிறான்.