எட்டு மணி மாத்திரை

புரட்டாசி, வெள்ளிக்கிழமை இரவு

உறைய வைத்திருந்த கருவை எனக்குள் வைத்து இன்றோடு ஒன்பது நாள். அத்தைக்குத் தெரியாது. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் படியேறக் கூப்பிட்டார்கள். தப்பிக்க வழி தெரியாமல், "வீட்டுக்குத் தூரமாயிட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அப்ப அடுப்படிப் பக்கம் வராத. வேணுங்கிறத நான் எடுத்துத் தாரேன்" என்றார்கள்.

ஃப்ரிட்ஜ் அடுப்படியில்தான் இருக்கிறது. கரு தங்குவதற்காக எட்டு மணிக்கு உள்ளே வைக்க வேண்டிய ஹார்மோன் மாத்திரை அதற்குள், காய்களுக்கு அடியில் ஒளித்து வைத்தது. நேரம் தவறக் கூடாதென்று நர்ஸ் எத்தனை தடவை சொன்னார். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து இவர் வந்து எடுத்துத் தரும்போது ஒன்பதே முக்கால்.

"ஒண்ணும் ஆவாது, படு" என்கிறார்.

மாத்திரை பிந்தியதுகூடப் போகட்டும். வரவே கூடாததை, வந்துவிட்டதென்று என் வாயாலேயே சொன்னேனே. நான்கு தடவை பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டேன். மறுபடி போகப் பயமாக இருக்கிறது.