ஷாப்டு முனையில் நாலு மரை

ஐப்பசி 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை. மண்ணெண்ணெய் அரை டின் மிச்சம்.

கார் இன்ஜின் வேலை நேற்றும் இன்றும். மதராசில் சரிபண்ணி வந்த ஷாப்டு (இன்ஜின் சுழல்கிற தண்டு) பத்து நாள் கூடத்தில்தான் கிடந்தது, கோணி சுற்றி. ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்தாயிற்று. நேற்று இன்ஜினுக்குள் ஏற்றிவிட்டார்கள். இன்று அதன் முன் முனையில், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் மாட்டும் நட்டு மட்டும் பாக்கி.

இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. இவர் ஸ்பானர் போட்டு தம் கட்டி அழுத்தினார். கிறீச். திருப்பிக் கழற்றினால் ஷாப்டு முனையில் இருந்த திருகு மரையும் கொஞ்சம் பிய்ந்து கூடவே வந்தது.

ரசூல் பாய் (மெக்கானிக், இவருக்குப் பத்து வருஷச் சிநேகிதம்) தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாபா, நட்டை முடுக்கினியா, மாட்டை அடக்கினியா?"

இவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. செவிலிமேட்டிலிருந்து மாப்பிள்ளை வருவது நம் காரில் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஷாப்டை மாற்றுவதென்றால் இன்ஜினை முழுக்க இறக்க வேண்டும். பதினைந்து நாள் ஆகுமாம்.

ஐப்பசி 6, புதன்

வெயில். துணி காய்ந்தது.

குனிந்து நானே எண்ணிப் பார்த்தேன், நகத்தால் ஒவ்வொன்றாக. மொத்த மரை 14. கெட்டது, முன்னால் 4. நல்லது, உள்ளே 10.

பாய் நட்டுக்குள் வெள்ளைத் துணி விட்டுத் துடைத்தார். துணியில் சிவப்பு.

"இது இன்னாபா செம்மண்ணு? ரோட்டுல போட்டு உருட்டினியா?"

"கோணியில இருந்திருக்கும் பாய்" என்றார் இவர்.

கோணியில் இல்லை. எனக்குத் தெரியும். பூஜைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு தேய்த்த கையோடு, கோணிக்கு வெளியே கன்னங்கரேலென்று நீட்டிக்கொண்டிருந்த அந்த முனையையும் புளி, செங்கல் தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சாமி முன்னால் வைப்பது அழுக்காக இருக்கலாமா என்று. எண்ணெய்ப் பசையெல்லாம் போய்ப் பளிச்சென்று ஆயிற்று. கழுவித்தான் வைத்தேன். பள்ளத்துக்குள் தூள் தங்கும் என்று தோன்றவில்லையே.

 

சொல்லவில்லை.

கத்தரிக்காய் வதக்கல், ரசம். இவர் பாதியில் எழுந்துவிட்டார்.

ஐப்பசி 7, வியாழன்

பிரதோஷம். ஒருவேளைதான் சாப்பாடு.

இவர் அண்ணன் வந்தார். இவர் தறியை விட்டு, வாடகைக்கு ஓட்டக் கார் வாங்கிய நாளாக அவருக்கு மனத்தாங்கல்.

"உன் கை பட்டுக்குத்தான்டா, இரும்புக்கு இல்ல. தறி ஒண்ணு சும்மாத்தான் இருக்குது, வந்துடு."

எப்போதும் ஏதாவது குதர்க்கமாகப் பதில் சொல்பவர் இன்று, "ஆவட்டும்ணா. வண்டியைக் குடுத்துடறேன்" என்றார்.

பாய் அரம் போட்டுச் சரிபண்ணலாம் என்கிறார். அதற்கும், "நீயே பண்ணு பாய். நான் இனிமே தொடமாட்டேன்."

சாயந்திரம் கோயில். நந்திக்குப் பாலாபிஷேகம். கும்பிட மனசு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருக்க, இங்கே நின்று என்ன கேட்பது? அபிஷேகம் முடியுமுன் திரும்பிவிட்டேன். இப்படி வந்தது இதுதான் முதல் தரம்.

கார் முன்னால் சாக்கு போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"செங்கல் தூளா?"

"ஆமாம்."

"புளியுமா?"

"ஆமாம்."

"அப்போ என் கை இல்ல!"

எழுந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பாய்! யோவ் பாய்! என் கை இல்லையாம்யா!" திட்டுவார் என்று நின்றவள் நான்.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா ஏன் சொல்லல, மரகதம்?"

"ரெண்டு நாள்தான்."

"இதுலயும் கணக்கு!"

பாய் கேட்டுவிட்டு, "தங்கச்சி, குத்துவிளக்குன்னு நெனச்சிக்கினியா? நல்லவேளை, திரி போட்டு ஏத்தாம வுட்டியே."

இவர் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார்.

ஐப்பசி 8, வெள்ளி

ரேடியேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். பாய் பழைய சாமானில் தேடி அதே அளவில் இரண்டு நட்டு கொண்டுவந்தார். ஒன்றை இரண்டு பாதியாக அறுத்தார். இரண்டு பாதியையும் உள்ளே இருக்கிற நல்ல மரை மேல் வைத்து, இறுக்கிப் பிடித்து, மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வருவது. சாய்ந்த மரை நிமிர்கிறது!

"கெட்ட பக்கத்துலேர்ந்து போனா இன்னும் கெடும்மா. நல்லதைப் புடிச்சிக்கினு வெளியே வரணும்."

பிசிறை எடுக்க முக்கோண அரம். பாய் அதை இவரிடம் நீட்டினார். இவர் கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொண்டார். அறுந்த பட்டிழையைப் பிணைக்கிற அதே விரல், அதே மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பிக் காட்டுவது என் வேலை.

"ஆட்டாதே."

"நான் ஆட்டல, சூரியன் நகருது."

தோள்பட்டை விட்டுப்போயிற்று. முடித்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று தரம் கழுவினார், என்னையே பார்த்துக்கொண்டு.

மொத்தம் 14. நிமிர்ந்தது 3. அடியோடு போனது 1. நட்டு பிடிக்கப்போவது 13. போதும் என்கிறார் பாய்.

இவர் எண்ணெய் தொட்டு இன்னொரு நட்டைப் போட்டார். விரலாலேயே கடைசி வரை போயிற்று. முருகா.

ஐப்பசி 9, சனி

பௌர்ணமி. ஏகாம்பரநாதருக்கு அன்னாபிஷேகம். கூட்டம். இன்று முழுக்க இருந்து கும்பிட்டேன்.

ஹேண்டில் இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற அண்ணன், "இன்னாடா, வண்டியைக் குடுத்துடறேன்னே?"

"யாரு, நானா? ஏறுண்ணா, கோயிலாண்ட எறக்கி வுடறேன்."

ஏறிக்கொண்டார்!

மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தார். இவர் வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். பிய்ந்துபோன பழைய நட்டு.

"இந்தா. இத எவ்ளோ வேணும்னாலும் தேய்ச்சிக்கோ."

தேய்த்தேன். புளி, செங்கல் தூள். வெள்ளி மாதிரி இருக்கிறது. பொட்டு வைத்துப் பிள்ளையார் பக்கத்தில்.